ஊட்டுக்கு ஒரு துண்டு

நம் வயதுக்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். சின்னவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு இது புரியாது. சும்மா கொடுக்கப்படும் எதையும் நான் நம்புவதில்லை. குன்னூரில் நான் இருக்கும் தெருவில் டிசம்பர் பிறந்தால் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும். கிறிஸ்துமஸ் அன்று காலையில் எதிர்வீட்டம்மா மூடி போட்ட தட்டோடு வருவார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்தியதும் முறுக்கை மோந்து பார்ப்பேன், கேக்கைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பேன், போன வருஷம் நான் பலகாரம் வைத்துக் கொடுத்த தட்டே திரும்பி வந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். என் மகள் தலையில் அடித்துக்கொள்வாள். "உனக்கு யாருமே நல்லவங்களாத் தெரிய மாட்டாங்களாம்மா" என்பாள். தெரிவார்கள். கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இது எனக்கு அம்மா கொடுத்த சீதனம். நகை போட்டு அனுப்ப வசதி இல்லாதவள் இதைப் போட்டு அனுப்பினாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. எங்களுக்கு அப்படி ஒரு கிறிஸ்துமஸ் வந்தது.

நாங்கள் கப்பலில் வந்தவர்கள். இலங்கையில் மலைத் தோட்டத்தில் தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பம். உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். அம்மாவும் அப்பாவும் கண்ணால்கூடப் பார்த்திராத அந்த "எங்கள் நாட்டுக்கு" வந்து, முகாமில் கிடந்து, கடைசியில் சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மறுபடியும் அதே கொழுந்தைப் பறிக்கச் சேர்ந்தோம். எங்களைப் போல வந்தவர்களுக்கென்றே தனியாக ஒரு லயம். இங்கே லைன் என்பார்கள், நாங்கள் லயம் என்போம். நீளமாக ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், கதவுக்குக் கதவு ஒரு காம்பரா. சமையல், படுக்கை, சண்டை எல்லாம் அந்த ஒரே அறைக்குள்தான். எங்களுக்கு அடுத்த காம்பராவில் அப்பாவின் அக்கா, என் அத்தை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. எங்கள் வீட்டில் தாளித்தால் அத்தை தும்முவாள். அத்தை முணுமுணுத்தால் அம்மா பதில் சொல்வாள்.

இலங்கைத் தோட்டத்தில் கடைசி நாள் நடந்ததை அம்மா அடிக்கடி சொல்வாள். தோட்டத்து ஆபீசுக்கு எல்லாரையும் வரச் சொன்னார்களாம். அதுவரை அந்த ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறார்கள். அன்றைக்கு பெஞ்சு போட்டு உட்காரச் சொன்னார்களாம். ஆளுக்கு ஒரு பன், ஒரு கோப்பை தேத்தண்ணி. சின்னத் துரையே சிரித்துக்கொண்டு நின்றாராம். பன்னைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்ட பிறகு, ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி இந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கெல்லாம் துண்டு என்றால் தோளில் போடுவது, தலை துவட்டுவது. எங்களுக்குத் துண்டு என்றால் காகிதம். டாக்டர் எழுதிக் கொடுப்பது மருந்துத் துண்டு. பேர் வெட்டியாச்சு, இனி வேலை இல்லை, காம்பராவைக் காலி செய் என்று ஆபீசில் எழுதிக் கொடுப்பது வெறும் துண்டு. "அவனுக்குத் துண்டு குடுத்துட்டாங்க" என்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பாத்திரம் கட்ட உதவிக்குப் போவார்கள். தலை துவட்டுகிற துணிக்கு எங்கள் பேச்சில் துவாய் என்று பெயர். நாங்கள் இங்கே வந்து ஒரே ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. லயம் முழுக்க எங்கள் ஆட்கள். கொழுந்து பறிக்கிற இடத்திலும் எங்கள் ஆட்களுக்குத் தனி வரிசை. இந்த ஊர்ப் பேச்சு எங்கள் காதில் பாதிதான் விழுந்திருந்தது.

எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு ஒரே டீச்சர். கேத்திப் பக்கத்துக்காரர். அவர் வீட்டார் அங்கே காரட், கோசு போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஃபேக்டரிக்கு மேலே மேட்டில் சின்னதாக ஒரு கோயில் இருந்தது, சிலுவை வைத்த கோயில். அதற்குக் கீழே ஒரு குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் யாருக்காவது காய்ச்சல் என்றாலும், யார் வீட்டிலாவது சர்க்கரை தீர்ந்தாலும், ஆள் முதலில் போய் நிற்பது டீச்சர் வாசலில்தான். அம்மாவுக்கு இதுவே பிடிக்கவில்லை. "இம்புட்டு நல்லவங்களா இருக்க என்ன காரணம் இருக்கும்" என்பாள்.

டிசம்பர் வந்ததும் பள்ளிக்கூடத்தில் பாடம் பாதி, பாட்டுப் பாதி. மூங்கில் பிளாச்சை வளைத்து, மைதா பசை தடவி, சிவப்புக் காகிதம் ஒட்டி நட்சத்திரம் செய்தோம். பசை கை முழுக்க ஒட்டிக் காய்ந்து உரிந்து வரும், அதை உரிப்பதில் ஒரு சுகம். சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகளான நாங்களும் தொண்டை கிழிய கோயில் பாட்டுப் பாடினோம். ஒருநாள் பாட்டு முடிந்ததும் டீச்சர் லயத்துப் பிள்ளைகளை மட்டும் முன்னால் கூப்பிட்டார்.

"வர்ற கிறிஸ்துமஸுக்கு உங்க லைன்ல ஊட்டுக்கு ஒரு துண்டு குடுக்கறோம். அப்பா அம்மாவக் கூட்டிட்டு எல்லாரும் கோயிலுக்கு வந்துரோணும். கேக்கும் உண்டு. ஊட்ல போயி நான் சொன்ன மாதிரியே சொல்லோணும், தெரிஞ்சுதா?"

சொன்ன மாதிரியே சொன்னேன். அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"யாரு குடுக்குறாங்களாம்?"

"கோயில்ல. டீச்சர் சொன்னாங்க. கேக்கும் உண்டாம்."

அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டீங்களா மதினி? கேக்கு குடுத்துட்டுத் துண்டு குடுக்கப் போறாங்களாம்."

சுவருக்கு மேலே இருந்து அத்தையின் குரல் வந்தது. "அங்க பன்னு. இங்க கேக்கு."

எனக்கும் அது காகிதத் துண்டுதான். வேறு ஒரு பொருள் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு ராத்திரி ரொட்டி தீய்ந்துபோனது. தீய்ந்ததையே பிய்த்துத் தின்றோம்.

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் போதும், அதற்குத் தீனி தானாக வந்து சேரும். மறுநாள் கிளார்க் ஐயா லயத்துப் பக்கம் வந்தார். காலையில் பிரட்டில் நின்று பேர் கூப்பிடுகிறவர் அவர்தான். பிரட்டு என்றால் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். அவர் கூப்பிட்டால் வேலை உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. கோயில் கமிட்டிக்கும் அவர்தான் பெரியவர். வந்தவர் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, ஒவ்வொரு கதவாக விரல் நீட்டி எண்ணினார். போகும்போது அப்பாவைப் பார்த்து, "எல்லாரும் சௌக்கியந்தானே" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

"சிரிச்சாரா?" என்றாள் அம்மா.

"சிரிச்சாரு" என்றார் அப்பா.

"பல்லு தெரிஞ்சுச்சா?"

அப்பாவுக்கே கொஞ்சம் கலங்கிவிட்டது. பனிக்காலம் வேறு, கொழுந்து குறைந்துபோயிருந்தது. கொழுந்து குறைந்தால் ஆள் குறைப்பார்கள், அது எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். கடைசியாக வந்தவர்கள் நாங்கள். இருந்தாலும் அப்பா மனதைத் தேற்றிக்கொண்டு, "கிறிஸ்துமஸ் அன்னைக்கா துண்டு குடுப்பாங்க" என்றார்.

"பின்ன, தீபாவளிக்கா குடுப்பாங்க?" என்றாள் அத்தை.

அத்தைதான் சட்டம் சொன்னாள். துண்டைக் கையில் வாங்கினால்தான் அது செல்லும், வாங்காதவரை யாரும் நம்மை வெளியே போ என்று சொல்ல முடியாது. அதனால் கோயிலுக்கு ஒருவரும் போகக் கூடாது. லயம் முழுக்க ஒரே பேச்சாக இது முடிவானது. பிள்ளைகளான எங்களுக்குக் கேக் போனதில்தான் துக்கம். கோயில் பக்கமிருந்து வரும் காற்றில் வெண்ணெயும் ஏலக்காயும் கலந்து அடித்தது. ஃபேக்டரியின் தேயிலை வாடையையும் மீறி அது லயம் வரை வந்தது. நான் மூச்சை இழுத்து இழுத்து நெஞ்சு வலித்துக் கிடந்தேன்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடு போதவில்லை. அவள் இன்னொரு வழி யோசித்தாள்.

அம்மாவிடம் ஒரு அலாரம் கடிகாரம் இருந்தது. வட்டமானது, தலையில் இரண்டு மணி, இருட்டில் முள் பச்சையாக மினுங்கும். அங்கே இருக்கும்போது அவளே சிறுகச் சேர்த்து வாங்கியது. கப்பலில் எல்லாரும் பிள்ளைகளை மடியில் வைத்திருந்தபோது, அம்மா என்னைத் தரையில் உட்காரவைத்துவிட்டுக் கடிகாரத்தை மடியில் வைத்திருந்தாள் என்று அத்தை சொல்லிக் காட்டுவாள். அந்த லயத்தில் வேறு கடிகாரம் இல்லை. அது அடித்துத்தான் எல்லாரும் எழுந்து பிரட்டுக்கு ஓடினார்கள். அம்மா அதைத் தினமும் துடைப்பாள், சாவி கொடுப்பாள், ஒரு தடவை காதில் வைத்துக் கேட்பாள். நான் தொட்டால் அடி விழும்.

அந்தக் கடிகாரத்தைத் தன் கல்யாணச் சேலையின் பழைய முந்தானையில் சுற்றிக்கொண்டு, ஒருநாள் வேலை விட்டு வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். பேச்சு புரியாவிட்டால் எடுத்துச் சொல்ல நான்.

டீச்சர் கதவைத் திறந்தார். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு பொட்டலத்தை நீட்டினாள்.

"டீச்சர், இது உங்களுக்கு."

டீச்சர் முந்தானையைப் பிரித்தார். கொஞ்ச நேரம் கடிகாரத்தையே பார்த்தார். "எனக்குங்களா? ஏனுங்க, இது எதுக்குங்க?"

"வச்சுக்கங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். எங்களுக்குத் துண்டு வேணாம்."

டீச்சர் முகம் வாடிப்போனது. "ஏனுங்கம்மா இப்படிச் சொல்றீங்க? எல்லா ஊட்டுக்கும் குடுக்கறோம், உங்கள மட்டும் எப்படிங்க உடறது?"

"ஒரு துண்டு வாங்கித்தான் கடல் தாண்டி வந்தோம் டீச்சர். இன்னொண்ணு எங்களால தாங்க முடியாது."

டீச்சருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் அம்மா சொன்னதையே இன்னொரு முறை சொன்னேன். வேறு என்ன சொல்ல? நாங்கள் இலவசமாக வாங்கக் கூச்சப்படுகிறோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்லீங்கம்மா. எங்க கோயில்ல பொம்பளைங்கெல்லாம் சேந்து ஆசையாக் குடுக்கறதுங்க."

"ஆசையாவா?" என்றாள் அம்மா.

"ஆமாங்க. மழை விட்டதுல இருந்து எங்களுக்கு இதே பேச்சுதானுங்க. யாருக்குக் குடுக்கறது, எப்படிக் குடுக்கறதுன்னு."

அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள். அப்போது டீச்சர் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். அவர் கண் நிறைந்து, ஒரு சொட்டுக் கன்னத்தில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

"நீங்க கோயிலுக்கு வராட்டியும் பரவால்லீங்க. நானே ஊட்டுக்குக் கொண்டாந்து உங்க கையிலயே குடுக்கறேனுங்க."

வழியெல்லாம் அம்மா புலம்பிக்கொண்டே வந்தாள். "அழுதாங்கடி. பாவம் பாத்து அழுறாங்க. அப்ப விசயம் முடிவாயிருச்சு." கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். "கடிகாரத்தையும் வாங்கிக்கிட்டு, துண்டையும் கையில கொண்டாந்து குடுப்பேங்குறாங்களே. என்ன நெஞ்சுடி அது?"

அதற்குப் பிறகு அம்மா பொறுத்திருக்கவில்லை. கப்பலில் எங்களோடு வந்த ஒருவர் இத்தலாரில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்து, அங்கே ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டுவர அப்பாவை அனுப்பினாள். அப்பா வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அம்மா தகரப் பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். மூன்றாவது முறையாக அந்தப் பெட்டி கட்டப்படுகிறது. சத்தம் கேட்டு அத்தையும் கட்டினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு.

கடிகாரம் போனதால் லயமே தடுமாறியது. அத்தை சேவலை நம்பினாள். பனியில் சேவல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. எல்லாரும் பிரட்டுக்குப் பிந்திப் போய் நின்றார்கள். "என்ன, மொத்த லைனும் தூங்கிப் போச்சா?" என்று கிளார்க் ஐயா கத்தினார். அவர் கத்தியது அம்மாவுக்கு ஒரு ஆறுதல். சிரிக்கவில்லையே.

கிறிஸ்துமஸ் அன்று விடியும்போதே சாரல். எதிர் மேடு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். கோயில் மணி மட்டும் கேட்டது. எங்கள் ஆட்கள் யாரும் போகவில்லை. உச்சிப்பொழுது ஆகும்போது மேட்டிலிருந்து தப்புச் சத்தமும் பாட்டும் இறங்கி வந்தன. லயத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நான் கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். முன்னால் டீச்சர், புதுச் சேலை, அதன் ஓரமெல்லாம் சேறு. பின்னால் கோயில் பெண்கள். எல்லாருக்கும் பின்னால் கிளார்க் ஐயா, பிரட்டில் பேர் கூப்பிடுகிற அதே கிளார்க் ஐயா, தலையில் சாக்கு மூட்டை சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்தார். அவர்கள் பாடியது எனக்குத் தெரிந்த பாட்டு. என்னை அறியாமல் வாய் முணுமுணுத்தது. அம்மா பொத்தினாள்.

டீச்சர் எங்கள் கதவைத் தட்டினார். "ஏனுங்க, உள்ள இருக்கீங்களா?"

மூடிய வாய்க்குள் என் பாட்டு நின்றுவிட்டது.

"இருக்கறாங்க டீச்சர், கூரைல பொகை வருது பாருங்க" என்றார் கிளார்க் ஐயா. "வேணும்னே தெறக்க மாட்டேங்கறாங்க. மதம் மாத்த வந்துட்டோம்னு பயமாட்ட இருக்குது."

டீச்சர் தட்டிய கையை இறக்கிக்கொண்டார். "அவங்க பயம் அவங்களுக்குங்க. வாசல்ல வெச்சுட்டுப் போலாம்."

வாசலுக்கு வாசல் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். வரும்போது பாடிக்கொண்டு வந்தவர்கள் போகும்போது பாடவில்லை. ஒரு அம்மா மட்டும், "எத்தன ஆசையா வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே போனது கேட்டது. கொடுக்க வந்தவர்களைக் கதவடைத்து அனுப்புவது எவ்வளவு பெரிய அடி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு எங்கள் பயம்.

அவர்கள் மேடேறி மறைந்த பிறகு எல்லாக் கதவும் விரற்கடை திறந்தது.

"தொட்டுறாத" என்றாள் அத்தை சுவருக்கு மேலே.

"இம்புட்டுப் பெரிய துண்டா மதினி?"

"உள்ள கேக்கு இருக்கும். கேக்குக்குள்ள துண்டு இருக்கும்."

"வாசல்ல போட்டாலும் குடுத்த கணக்குத்தானே?"

அத்தையின் சட்டத்தில் இதற்கு இடமில்லை. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா விளக்குமாற்றை நீட்டி எங்கள் பொட்டலத்தை அத்தை வாசலுக்குத் தள்ளிவிட்டாள். அத்தை விறகுக்கட்டையால் இரண்டையும் சேர்த்து எங்கள் வாசலுக்குத் தள்ளினாள். அந்தக் கோடிவரை இதே கூத்து. யாருடைய துண்டு யார் வாசலில் என்று தெரியாமல் பொட்டலங்கள் ஈரத் தரையில் அப்படியும் இப்படியும் உருண்டன. கூடப் பிறந்தவர்கள்போல இருந்த வீடுகள் அன்று விளக்குமாற்றால் பேசிக்கொண்டன.

அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார்.

இத்தலாரிலிருந்து பஸ் மாறி மாறி, கடைசித் தூரம் நடந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்தார். வாசலில் பொட்டலத்தைப் பார்த்தார், குனிந்து எடுத்தார். காகிதத்தைக் கிழித்தார். நாங்கள் உள்ளே உறைந்துபோய் நின்றோம்.

"தம்பி, தொடாதடா" என்று அத்தை அலறினாள்.

அதற்குள் அப்பா கேக்கை எடுத்து வாயில் போட்டிருந்தார். கேக்கைச் சுற்றியிருந்த துணியை உதறினார். நல்ல தடித்த துணி, நீலக் கரை போட்டது. அதைக் கொண்டு தலையைப் பரபரவென்று துவட்டினார். முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "ஏன் எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார்.

அம்மா வெளியே பாய்ந்தாள். "துண்டு எங்க? முழுங்கிட்டீங்களா?"

"எந்தத் துண்டு?"

அம்மா அவர் கையில் மிச்சமிருந்த கேக்கைப் பிடுங்கிப் பொடிப்பொடியாக உதிர்த்துப் பார்த்தாள். திராட்சைதான் இருந்தது. துணியைப் பிடுங்கி உதறினாள், எதுவும் விழவில்லை. அவள் உதறிய துணியை அப்பா வெறித்துப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் ஒரு திகைப்பு, பிறகு மெல்ல ஒரு சிரிப்பு.

"அடியே. நேத்து பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்த ஆளு எங்கிட்ட, 'அண்ணா, பனி எறங்குது, தலைக்குத் துண்டு போட்டுக்குங்க'ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னடா, இவனுக்கும் தெரிஞ்சுபோச்சான்னு. பாத்தா, அவன் தோள்ல கெடந்த துவாயக் காட்டுறான். இந்த ஊருல துவாய்க்குப் பேரே துண்டாம்."

முதலில் அந்தக் கோடியில் யாரோ பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம். அப்புறம் எல்லாக் கோடியிலும். கேக்கும் துவாயும், கேக்கும் துவாயும். அத்தை துவாயை மேடைப் பேச்சுக்காரர்போல் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குத் துண்டு குடுத்துட்டாங்க, எனக்குத் துண்டு குடுத்துட்டாங்க" என்று லயம் முழுக்க நடந்தாள். சிரிப்பில் ஆண்களுக்கெல்லாம் இருமல் வந்தது. நான் எங்கள் கேக்கின் பொடியைத் தரையிலிருந்து பொறுக்கித் தின்றேன். அந்த ருசிக்கு இன்னொரு கேக் இதுவரை என் வாய்க்கு வரவில்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"என் கடிகாரம்" என்றாள்.

மறுநாள் பிரட்டுக்கு எங்கள் ஆண்கள் எல்லாரும் தோளில் துண்டோடு போய் நின்றார்கள். கிளார்க் ஐயா பார்த்தார், கேட்டார், அப்பா சொன்னார். கிளார்க் ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். பேர் கூப்பிடக் குரல் வரவில்லையாம். சாயங்காலத்துக்குள் ஃபேக்டரி, கோயில், கடை எல்லா இடத்துக்கும் கதை போய்விட்டது. கோயில் பெண்கள் சிலர் லயத்துக்கே வந்து, அத்தையிடம் முழுக் கதையையும் முதலிலிருந்து கேட்டு, சிரித்து, பால் விடாத சாயத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றே அம்மா ஒரு துணிப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். கடிகாரத்தைத் திருப்பி வாங்குவதற்குத்தான் பை. துண்டு வராமல் இருக்கக் கொடுத்தது. துண்டே இல்லை என்றால் கடிகாரம் எதற்கு? அவள் சொன்ன நியாயத்தில் தப்பே இல்லை. "பிரட்டுக்குப் பிந்துறோம், அதனால வேணும்னு சொல்லு" என்று எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டீச்சர் எங்களை உள்ளே உட்காரவைத்தார். அறையின் மூலையில் வைக்கோல் பரப்பிக் குடில் கட்டியிருந்தார். களிமண் மாடுகள், மேய்ப்பர்கள், நடுவில் குழந்தை. அதற்குப் பக்கத்தில், மஞ்சள் பூவெல்லாம் சுற்றிவைத்து, அம்மாவின் கடிகாரம்.

அம்மா என்னை இடித்தாள். நான் வாயைத் திறந்தேன். டீச்சர் முந்திக்கொண்டார்.

"இந்த எஸ்டேட்டுக்கு வந்ததுல இருந்து எத்தனையோ கிறிஸ்துமஸ் பாத்துட்டனுங்க. எல்லாரும் எங்கிட்ட வாங்கிட்டுப் போறதுக்குத்தான் வருவாங்க. அதுவும் எனக்குச் சந்தோசந்தானுங்க. ஆனா எனக்குன்னு ஒருத்தர் தேடி வந்து குடுத்தது இது ஒண்ணுதானுங்க."

அம்மா மடியில் இருந்த பையை மடித்தாள். மடித்ததை இன்னும் மடித்தாள். அது உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

"பை கொண்டாந்திருக்கீங்களாட்ட இருக்குது" என்றார் டீச்சர்.

"சும்மாதான் டீச்சர்."

டீச்சர் அந்தப் பையை அவள் கையிலிருந்து வாங்கிப் பிரித்தார். உள்ளே போய் காரட் கொண்டுவந்து போட்டார். "எங்க ஊட்டுத் தோட்டத்துதுங்க, கேத்தியிலிருந்து நேத்துத்தான் வந்துது." இன்னும் போட்டார். பை நிறைந்து காதைக் கட்ட முடியாத வரைக்கும் போட்டார்.

என் சந்தேகத்தை நம் வயதுக்காரர்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? டீச்சருக்கு அப்போது எல்லாம் தெரியும். எஸ்டேட்டே சிரித்த கதை அவர் காதுக்கு மட்டும் வராமல் போயிருக்குமா? அம்மா கடிகாரம் கொண்டுவந்தது எதற்கு, பை கொண்டுவந்தது எதற்கு, இரண்டும் தெரிந்துதான் அவர் அப்படிப் பேசினார் என்று பல வருஷமாக நினைக்கிறேன். திருப்பிக் கொடுத்திருந்தால் அது லஞ்சமாகவே நின்றிருக்கும். அதற்காகத்தான் வைத்துக்கொண்டாரா, அல்லது நிஜமாகவே அவ்வளவு ஆசைப்பட்டாரா? எனக்கு இன்றுவரை தீரவில்லை. பிறகு பல வருஷம் எங்கள் பள்ளிக்கூட மணி அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அடித்தது. கொழுந்துக் காட்டில் மணிச் சத்தம் கேட்டால் அம்மா ஒரு கணம் கை நிறுத்துவாளாம்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது காரட் பை கனத்தது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஃபேக்டரி வளைவு வந்ததும், அம்மா பழக்கத்தில், "மணி என்னடி இருக்கும்" என்றாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"திருப்பிக் கேட்டிருக்கலாம்லம்மா" என்றேன்.

"எப்புடிடி கேக்குறது?" என்றாள் அம்மா. "என் கையால வாங்கிட்டு, சந்தோசத்துல ஒருத்தி அழுதது இந்த ஆயுசுல இது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு, யாருக்காவது கேட்டுவிட்டதா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.